ஆடும் பல்லும் ஒரு படமும்

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை. பேசியது பேசியபடியே, சிற்சில திருத்தங்களுடன்.)



நான் இந்தக் கல்லூரியில் படித்தது ஒரே ஒரு வருஷம்தான். 1976-77 பி.யு.சி. அதன்பின் பல் மருத்துவம் படிக்கப் போய்விட்டேன். ஒரு வருஷம் படித்தவனையும் பழைய மாணவன் என்று ஏற்றுக்கொண்டு, மேடையும் ஏற்றிவிட்ட சங்கத்துக்கு நன்றி. 1984-லிருந்து பேராவூரணியில்தான் தொழில். அதற்கு முன் எங்கள் ஊரில் பல்வலி வந்தால் பட்டுக்கோட்டைக்கோ அறந்தாங்கிக்கோ பஸ் ஏற வேண்டும். அல்லது சந்தையில் துணி விரித்து உட்கார்ந்திருப்பவரிடம் வாயைத் திறக்க வேண்டும்.

செயலாளர் என்னை அழைத்தபோது ஒரு நிபந்தனை போட்டார். "தினமும் ரெண்டு வேளை பல் தேய்ங்கன்னு மட்டும் பேசாதேப்பா, அது எங்களுக்கே தெரியும். நம்ம செட்டுக்கு இப்ப என்ன பிரச்சினையோ அதைப் பேசு" என்றார். நம் செட்டுக்கு என்ன பிரச்சினை? சொத்தைப் பல் இல்லை.  அறுபதைத் தாண்டிய நமக்குப் பல் ஆட்டம். காலையில் வாய் கொப்பளித்தால் இரத்தம், முறுக்கைக் கண்டால் பயம், பல் நீண்டுவிட்டது போல ஒரு தோற்றம், முன்பற்களுக்கு நடுவே புதிதாக ஓர் இடைவெளி. பழைய பேர் பயோரியா. ஈறுநோய் முற்றிய நிலை. இந்த நிலையை எக்ஸ்ரே படத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிக்கிறோம், அந்தப் படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதுதான் இன்றைக்கு நான் பேச வந்தது.

முதலில் ஒரு கதை. கதை என்றா சொன்னேன்? என் தப்பு அது. 1988-ஆம் வருஷம். கடற்கரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல் ஆடியது. "தம்பி, இதைப் புடுங்கி விட்டுருங்க, சோறு திங்க முடியல" என்றார். வெற்றிலை, புகையிலை போடுகிறவர். வாயெல்லாம் காரை. இந்த வாயில் பல் ஆடாமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். எக்ஸ்ரே மெஷின் என்னிடம் இருந்தது. அன்று கரண்ட் இல்லை. மாலை வரை இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றார், நானும் சரி என்றேன். பல் குறடுக்குக்கூட வேலை வைக்காமல் வந்துவிட்டது. சந்தோஷமாகப் போனார்.

மூன்று வாரம் கழித்து வந்தார். குழி மூடவில்லை, குழியிலிருந்து சதை வளர்ந்திருந்தது. கீழுதடு மரத்துப்போயிருக்கிறது என்றார். அப்புறம்தான் படம் எடுத்தேன். தாடை எலும்பு செல் அரித்த பலகை மாதிரி, ஓரம் எது நடு எது என்று தெரியாமல் இருந்தது. ஈறுநோய் அப்படி அரிப்பதில்லை. புற்றுநோய். தஞ்சாவூருக்கும் பிறகு சென்னைக்கும் அனுப்பினோம். ஒன்றே கால் வருஷம் இருந்தார். "மூணு வாரத்துல பெரிசா ஒண்ணும் மாறியிருக்காதுய்யா" என்று என் ஆசிரியர் ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். இருக்கலாம். ஆனால் அன்று நான் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. அவருக்கு அந்த ஒரு பல்தான் ஆடியது. பக்கத்துப் பற்கள் கல் மாதிரி நின்றன. வாய் முழுக்க அழுக்கு இருக்கும்போது ஒரே ஒரு பல் மட்டும் ஏன் ஆட வேண்டும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு, ஆடும் பல்லைப் படம் பார்க்காமல் நான் பிடுங்கியதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பல் ஈறில் நிற்பதாகத்தான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல் நிற்பது எலும்பில். ஈறு அதன் மேல் போர்த்திய துணி. நம் பக்கத்தில் தென்னையைச் சொன்னால்தான் புரியும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தது அல்லவா, அதற்கு அடுத்த வாரம் தோப்பில் நடந்தவர்களுக்குத் தெரியும். சாய்ந்த மரம் சாய்ந்தது கண்ணுக்குத் தெரிந்தது. நின்ற மரங்களில் எது நிலைக்கும், எது அடுத்த காற்றில் போகும் என்பதை மேலே பார்த்துச் சொல்ல முடியவில்லை. அடியில் எவ்வளவு மண் பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. பல்லுக்கு அடி மண்ணைக் காட்டுவதுதான் எக்ஸ்ரே.

நல்ல நிலையில் எனாமல் முடிந்து வேர் தொடங்குகிற கோட்டுக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் கீழே எலும்பின் விளிம்பு இருக்கும். படத்தில் அது வெள்ளையாக ஒரு கோடு போலத் தெரியும். ஈறில் அழற்சி வந்து பல வருஷம் நீடித்தால் அந்த விளிம்பு கீழே இறங்கிக்கொண்டே போகும். வேரின் நீளத்தில் 15 விழுக்காட்டுக்குள் இறங்கியிருந்தால் ஆரம்பம். மூன்றில் ஒரு பங்கு வரை நடுத்தரம். வேரின் நடுப்பகுதிக்கும் அதற்குக் கீழேயும் போய்விட்டால் முற்றிய நோய். 2017-ல் சிகாகோவில் அமெரிக்க, ஐரோப்பிய ஈறுநோய் மருத்துவர்கள் கூடி வகுத்து, 2018-ல் வெளியிட்ட பாகுபாடு இது. அதிலே நான்கு நிலைகள். மூன்றாவதும் நான்காவதும்தான் நாம் பேசுகிற முற்றிய நிலை. இந்த நோயினால் ஐந்து பல்லோ அதற்கு மேலோ ஏற்கெனவே போய்விட்டிருந்தால் நான்காவது.

படம் என்று ஒன்று வந்ததே ஒரு சுவாரசியம். ரான்ட்ஜன் அந்தக் கதிரைக் கண்டது 1895 நவம்பர் 8. இரண்டே மாதத்தில், 1896 ஜனவரியில், ஜெர்மனியில் வால்காஃப் என்ற பல் மருத்துவர் கண்ணாடித் தகடு ஒன்றைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றித் தன் வாயிலேயே வைத்துக்கொண்டு 25 நிமிஷம் அசையாமல் கிடந்து தன் பல்லைத் தானே படம் எடுத்தார். இன்று அதற்கு ஒரு வினாடியில் சிறு பங்கு போதும். அமெரிக்காவில் கெல்ஸ் என்றொருவர், அவரும் 1896-லேயே தொடங்கியவர், நோயாளிகளின் வாயில் பிலிமைத் தன் விரலாலேயே பிடித்துப் பிடித்து விரல்களையும் பிறகு கையையும் இழந்து 1928-ல் மாண்டார். அவருக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். பிலிமை வைத்தியர் பிடிக்கக் கூடாது என்ற பாடம் அவர் விரல்களால் எழுதப்பட்டது.

நான் தொழில் தொடங்கிய காலத்தில் நோயாளியின் கட்டைவிரலையே பிலிமைப் பிடித்துக்கொள்ளச் சொல்வோம். ஒரு நொடி விரல் நகர்ந்தால் போச்சு. அதைவிட எங்களுக்கு வோல்டேஜ் பெரும்பாடு. சாயங்காலம் பம்புசெட் ஓட ஆரம்பித்தால் என் படங்கள் எல்லாம் வெளிறிப் போகும். பிலிம் கழுவும் திராவகம் 20 டிகிரிச் சூட்டில் இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லும். சித்திரை மாதம் பேராவூரணியில் 20 டிகிரிக்கு எங்கே போவது? மீன் பெட்டிக்கு வருகிற ஐஸை வாங்கி, கிண்ணத்தைச் சுற்றிக் கொட்டி வைப்பேன். என் டார்க் ரூமில் எப்போதும் ஒரு மீன் வாசனை இருந்தது என்று என்னிடம் வேலை பார்த்த பையன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். அவனுக்கே இப்போது ஐம்பது வயது.

நிற்க. இந்தச் சின்னப் படம் பொய் சொல்லுமா? பொய் சொல்லாது, ஆனால் முழுக்கச் சொல்லாது. எக்ஸ்ரே என்பது நிழல். கன்னத்துப் பக்கத்து எலும்பும் நாக்குப் பக்கத்து எலும்பும் நடுவில் நிற்கிற பல்லும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே நிழலாக விழும். கன்னத்துப் பக்கம் எலும்பே இல்லாமல் போயிருந்தாலும், உள்பக்கத்து எலும்பின் நிழல் அதை மறைத்துவிடும். இரண்டு பற்களுக்கு நடுவே உள்ளதைத்தான் அது நன்றாகக் காட்டும். அதுவும், எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்கு மேல் போன பிறகுதான் படத்தில் கறுப்பு தெரியத் தொடங்கும். ஆகவே படத்தில் கொஞ்சம் தெரிகிறது என்றால் நிஜத்தில் அதைவிட அதிகம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கோணம் வேறு இருக்கிறது. உச்சி வெயிலில் மரத்தின் நிழல் குட்டை, மாலையில் நெட்டை. கதிரைச் சாய்த்துப் பிடித்தால் இறங்கின எலும்பும் ஏறி நிற்பது போலத் தெரியும். அதனால்தான் இப்போது பிலிமைப் பல்லுக்கு இணையாக நிறுத்துகிற பிடிப்பான்களை வைத்து எடுக்கிறோம்.

ஆகவே படத்தோடு கூட ஒரு கருவி. மெல்லிய கம்பி, நுனியில் மில்லிமீட்டர் கோடுகள். அதை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்ல இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் அளக்கிறோம். 3 மில்லிமீட்டர் வரை சரி. 5, 6, 8 என்று இறங்கினால் அங்கே பை விழுந்துவிட்டது. கம்பி சொல்வதும் படம் சொல்வதும் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு. படத்தை மட்டும் பார்த்து ஈறுநோய்க்குத் தீர்ப்புச் சொல்லுகிற வைத்தியரையும், படமே பார்க்காமல் சொல்லுகிறவரையும் நான் ஒரே தட்டில்தான் வைப்பேன். கம்பியைக் கையில் எடுக்காத வைத்தியரிடம் "சார், அளந்து பாக்கலையா?" என்று நீங்கள் கேட்கலாம். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

எலும்பு கரைவதிலும் ரகம் உண்டு. எல்லாப் பல்லைச் சுற்றியும் ஒரே மட்டமாக, குளத்தில் தண்ணீர் வற்றுவது போல இறங்குவது ஒன்று. நம்மில் பலருக்கு அப்படித்தான். இன்னொன்று, ஒரு பல்லின் ஒரு பக்கத்தில் மட்டும் கிணறு தோண்டியது போல நேராக இறங்குவது. கேட்க இது பயமாக இருக்கும். ஆனால் அந்தக் கிணற்றுக்கு மூன்று பக்கமும் எலும்புச் சுவர் நின்றால் அதிலே எலும்புத் தூள் வைத்து நிரப்பித் தேற்ற வழி உண்டு. ஒரே சுவர்தான் நிற்கிறது என்றால் வைத்ததெல்லாம் வழிந்துவிடும். சுவர் எத்தனை என்பதைச் சின்னப் படம் சரியாகச் சொல்லாது. அதே போலக் கடைவாய்ப் பல்லின் வேர் பிரிகிற கவடு. கீழ்ப்பல்லுக்கு இரண்டு வேர். கவட்டில் எலும்பு போனால் கறுப்பாக ஒரு முக்கோணம் தெரிந்துவிடும். மேல்பல்லுக்கு மூன்று வேர். உள்பக்கத்து வேர் குறுக்கே வந்து மறைத்துக்கொள்ளும். அங்கேதான் புதிய ஸ்கேன் உதவுகிறது.

அதைச் சொல்வதற்கு முன் ஓ.பி.ஜி. பற்றி ஒரு வார்த்தை. பின்லாந்து நாட்டில் பாட்டெரோ என்பவர் உருவாக்கிய முறை. முகத்தைச் சுற்றி மெஷின் வட்டமடித்து இரண்டு தாடையையும் ஒரே படத்தில் தரும். தஞ்சாவூருக்கு ஓ.பி.ஜி. வந்த புதிதில் எங்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். வாய் முழுக்க ஒரு நோட்டம் விட அது நல்லது. ஆனால் நடுவில் முன்பற்கள் மங்கும், அளவு கொஞ்சம் கூடக் குறையக் காட்டும். சந்தேகப்பட்ட பற்களுக்குத் தனிச் சின்னப் படம் வேண்டும். 1987-ல் பிரான்சில் பிலிம் இல்லாமல் கம்ப்யூட்டர் திரையில் நேராக விழும் ஆர்.வி.ஜி. வந்தது. என் கிளினிக்குக்கு அது வர இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அன்றோடு மீன் ஐஸுக்கு விடை கொடுத்தேன்.

சி.பி.சி.டி. என்கிற ஸ்கேன் 1990-களின் கடைசியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் வந்தது. நிழலாக இல்லாமல் எலும்பை எந்தப் பக்கமிருந்தும் வெட்டி வெட்டிப் பார்க்கலாம். கவட்டையும் கிணற்றின் சுவர்களையும் அது தெளிவாகக் காட்டும். அதற்காக ஆட்டம் கண்ட பல்லுக்கெல்லாம் ஸ்கேன் எடு என்று சொல்கிறவர்களை நான் ஆதரிக்க மாட்டேன். ஐரோப்பாவில் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் ஈறுநோய்க்கு இதை வழக்கமாக எடுக்க வேண்டாம், சாதாரணப் படம் போதாத கவடு, கிணறு போன்ற இடத்துக்குப் பார்த்து எடுக்கலாம் என்றுதான் சொல்கின்றன. வாயில் உலோகத் தொப்பி போட்ட பல் இருந்தால் அதன் பக்கத்தில் படம் கோடு கோடாகக் கலைந்துவிடும். செலவும் கூட. ஸ்கேன் என்று எழுதிக் கொடுத்தால், "இதுல தெரியப்போற விஷயத்தால வைத்தியம் மாறுமா?" என்று கேளுங்கள். மாறும் என்றால் எடுங்கள்.

கதிர் பயம் பற்றியும் கேட்பீர்கள். எங்கள் ஊரில் மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. பிறகு எக்ஸ்ரே எடுத்தாலும் கண் போய்விடும் என்று அது கிளைவிட்டது. நாம் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக வாங்குகிற கதிர், உலகச் சராசரி, வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். ஒரு சின்னப் பல் படம் ஏறக்குறைய அதில் ஒரு நாள் அளவு அல்லது அதற்கும் குறைவு. ஓ.பி.ஜி. சில நாள் அளவு. சி.பி.சி.டி. எடுக்கிற பரப்பைப் பொறுத்துச் சில நாளிலிருந்து பல வாரம் வரை போகும். பயப்பட வேண்டாம், வீணாகவும் எடுக்க வேண்டாம். மெஷின் வைத்திருப்பவர் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

இப்போது நான் சொல்ல வந்ததன் நடுவுக்கு வருகிறேன். ஒரு படம் இதுவரை நடந்ததைக் காட்டும். நோய் எந்த வேகத்தில் போகிறது என்பதை ஒரு படம் காட்டாது.

இதற்கு நம் சொந்தபந்தங்களே சாட்சி. நம் பக்கத்து ஊர்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் வழிவந்தவர்களை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1970-ல் நார்வேக்காரரான ஹெரால்டு லோ என்ற பேராசிரியரும் அவர் கூட்டாளிகளும் அந்தத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் 480 பேரின் வாயைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பல் வைத்தியம் கிடையாது, பிரஷ் வழக்கமும் கிடையாது. எல்லார் பல்லிலும் ஒரே மாதிரி அழுக்கு, எல்லார் ஈறிலும் அழற்சி. 15 வருஷம் திரும்பத் திரும்பப் போய் அளந்தார்கள். 1986-ல் வெளியிட்டபோது உலகமே வியந்தது. 100-க்கு 8 பேருக்கு நோய் பாய்ச்சலாகப் போயிருந்தது. 81 பேருக்கு மெதுவாக. 11 பேருக்கு ஈறு அழற்சிக்கு மேல் போகவே இல்லை. 35 வயதில் முதல் கூட்டத்தாருக்குப் பல்லின் பிடிப்பு 9 மில்லிமீட்டர் போயிருந்தது. நடுவில் உள்ளவர்களுக்கு 4. கடைசிக் கூட்டத்தாருக்கு 1 கூட இல்லை. அழுக்கு ஒன்றுதான், வேலை ஒன்றுதான், வேகம்தான் வேறு. இன்றைக்கும் உலகில் எந்தப் பல் மருத்துவ மாணவனும் இந்தத் தமிழர்களின் வாயைப் படிக்காமல் தேற முடியாது. அவர்களுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று கேட்டால் எனக்கு வெட்கமாக இருக்கும்.

உங்களில் யார் அந்த எட்டுப் பேர்? வாயைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஐந்து வருஷ இடைவெளியில் ஒரே கோணத்தில் எடுத்த இரண்டு படம் இருந்தால் சொல்லலாம். பழைய படம் இல்லையென்றால் ஒரு குறுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். மிக மோசமான பல்லில் எலும்பு எத்தனை விழுக்காடு போயிருக்கிறதோ அதை வயதால் வகுக்க வேண்டும். 68 வயதுக்காரருக்கு 40 விழுக்காடு போயிருந்தால் 0.59. நடுத்தர வேகம். அதே 40 விழுக்காடு 30 வயதுப் பையனுக்கு என்றால் 1.33. ஒன்றைத் தாண்டினால் பாய்ச்சல். இரண்டு பேர் படத்தையும் பக்கத்தில் வைத்தால் எலும்பு ஒரே மாதிரிதான் இருக்கும். சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தாலும், ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் பிடித்தாலும் ஒரு படி கூட்டிப் போடச் சொல்கிறார்கள்.

அப்படி ஒரு பையன் வந்தான். 27 வயது, வெளிநாட்டு வேலைக்குப் போகவிருந்தவன். கண்ணாடி மாதிரி சுத்தமான வாய், காரையே இல்லை. ஞானப்பல் வலி என்று வந்தான். அதற்காக எடுத்த ஓ.பி.ஜி.யில் நான்கு முதல் கடைவாய்ப் பற்களைச் சுற்றியும் எலும்பு வில் போல வளைந்து இறங்கியிருந்தது, வலமும் இடமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒன்றே. இளவயதில் முன்பல்லையும் முதல் கடைவாய்ப் பல்லையும் தேடிப் பிடிக்கிற ரகம் இது, குடும்பத்தில் ஓடும். "ஒனக்குத் தம்பி தங்கச்சி உண்டா?" என்று கேட்டேன். 19 வயதுத் தம்பியை அழைத்து வந்தான். அவனுக்கு அப்போதுதான் தொடங்கியிருந்தது. அண்ணனுக்கு இரண்டு பல் போயிற்று. தம்பிக்கு எதுவும் போகவில்லை.

இன்னொரு அம்மா, ஓய்வு பெற்ற ஆசிரியை. 2009-ல் வந்தபோது 58 வயது. மகன்கள் சிங்கப்பூரில். பேத்தி சடங்குக்கு முன்னால் எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு செட் கட்டிவிட வேண்டும் என்று மகனிடமிருந்து போன். "அம்மாவுக்கு எல்லாமே ஆடுது டாக்டர், கிளீன் பண்ணாக் கொட்டிரும்." இந்தக் 'கிளீன் பண்ணாக் கொட்டிரும்' என்பது ஊரறிந்த வசனம். காரை பற்களை ஒட்டுப்போட்ட மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும், எடுத்தவுடன் உள்ள ஆட்டம் தெரியும். ஆட்டத்தை உண்டாக்கியது அதே காரைதான். 26 பல் இருந்தன. படம் எடுத்து, கம்பியால் அளந்து பார்த்தால், தேறாதது 5, சந்தேகம் 4, மீதி 17 பல்லுக்கு வேரில் பாதிக்கு மேல் எலும்பு இருந்தது. ஈறு வீக்கத்தால் ஆடுகிற பல்லும் எலும்பு போய் ஆடுகிற பல்லும் விரலுக்கு ஒன்றுதான். வீக்கம் வற்றினால் முதலாவது இறுகிவிடும். சர்க்கரை பார்க்கச் சொன்னேன். 280. அவருக்கே தெரியாது. படத்தை வெளிச்சத்தில் காட்டி மகனுக்கும் விளக்கினேன். "நீங்க சொன்னாச் சரி" என்றார், குரலில் நம்பிக்கை இல்லை.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, ஈறுக்கு உள்ளே வேரைச் சுரண்டி, இரண்டு இடத்தில் ஈறைத் திறந்து சுத்தம் செய்து, ஐந்தைப் பிடுங்கினோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் வந்தார். 2017-ல் அதே இடங்களில் மறுபடி படம் எடுத்து 2009 படத்தோடு வைத்துப் பார்த்தேன். எலும்புக் கோடு நின்ற இடத்திலேயே நின்றது. போன எலும்பு திரும்பவில்லை. இருந்த எலும்பு போகவில்லை. சந்தேக நான்கில் இரண்டு பிற்பாடு போயின. இன்றைக்கும் 19 பல் சொந்தப் பல். போன மாதம் வந்தபோது பையில் முறுக்கு கொண்டுவந்து எனக்கும் கொடுத்தார். எனக்குத்தான் கடிக்க யோசனையாக இருந்தது.

எல்லாம் இப்படி முடிவதில்லை. படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, மொத்தமும் எடுக்க வேண்டியதுதான்" என்று சொன்ன நாட்களும் உண்டு. வேர் நுனியில் நரம்பு செத்துச் சீழ் பிடித்ததையும், வேர் நெடுக விரிசல் விட்டதையும், ஈறுநோய் என்று நினைத்துச் சுரண்டிக்கொண்டிருந்த நாட்களும் உண்டு. பிறகு படத்தைத் திரும்பப் பார்த்தால் அங்கேயே எழுதியிருக்கும். இப்போது கம்ப்யூட்டரே படத்தில் எலும்பு மட்டத்துக்குக் கோடு போட்டுக் காட்டுகிற மென்பொருள் வந்திருக்கிறது. அது என்னைவிட நன்றாகக் கோடு போடுகிறது. ஒரு பல் மட்டும் ஏன் ஆடுகிறது என்று நோயாளியைக் கேட்க, அதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் பல் படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். நிலப் பத்திரம் வைக்கிற பெட்டியிலேயே அதையும் வையுங்கள். பின்னால் தேதி எழுதி வையுங்கள். கம்ப்யூட்டரில் எடுத்த படமானால் கேட்டு வாங்கிச் செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியர் மாறினாலும் ஊர் மாறினாலும் அந்தப் பழைய படம் இல்லாமல் உங்கள் நோயின் வேகத்தை யாரும் சொல்ல முடியாது. செலவுக்கு யோசிப்பவர்களுக்கு: சென்னையில் 1953-லிருந்து அரசு பல் மருத்துவக் கல்லூரி உண்டு, சிதம்பரத்தில் உண்டு, 2023-லிருந்து நமக்குப் பக்கத்திலேயே புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. தோட்டத்து வேலைக்கு வருகிறவர்களுக்கும் சொல்லுங்கள். புகையிலை போடுகிற யாருக்காவது ஒரு பல் மட்டும் ஆடினால், உதடு மரத்தால், பிடுங்கின குழி இரண்டு வாரமாகியும் ஆறாவிட்டால், நாள் பார்க்காமல் அனுப்பிவிடுங்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இலை போட்டாயிற்றாம். வெளியே வராந்தாவில் ஒரு மேஜையில் ஒளிப்பெட்டி வைத்திருக்கிறேன். 1984-லிருந்து சேர்த்த படங்களில் சில, பேரை மறைத்து மாட்டியிருக்கிறேன். ஆசிரியை அம்மாவின் இரண்டு படமும் அவர் சம்மதத்தோடு இருக்கின்றன. 1988-ல் எடுத்த அந்தப் படமும் இருக்கிறது. ரசம் சாதத்துக்கு அப்புறம் வந்து பாருங்கள். கம்பியும் பையில் இருக்கிறது, துணிந்தவர்கள் வாயைக் காட்டலாம், பீஸ் கிடையாது.